மடிப்பு எந்தப் பக்கம்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, என் மாமா பாவாடை கட்டிக்கொள்ளப் போகிறார் என்ற செய்தி ஜோகுபாளையத்தில் எங்கள் தெரு முழுவதும் பரவியது. பரப்பியவள் நான்தான். அப்போதெல்லாம் மாமாவைப் பற்றிய எந்தச் செய்தியும் என் வாய்வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்று எனக்கொரு பிடிவாதம் இருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. வேலூரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கி, வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த நண்பர்கள் சிலர் சேர்ந்து காற்றுப்பையை அணைத்து ஊதும் பேக்பைப் வாத்தியத்துக்குக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். ராணுவ பேண்டில் வாசித்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், ஞாயிறு காலைகளில் ஆஸ்டின் டவுனில் ஒரு பள்ளி மைதானத்தில் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். வாசிப்பதில் பிழை வந்தால் பொறுத்துக்கொள்வார். உடையில் வந்தால் பொறுக்க மாட்டார். அரங்கேறும் நாளில் எல்லோரும் ஸ்காட்லாந்துக்காரர்களைப் போல முழங்கால்வரை வரும் கட்டம்போட்ட மடிப்புப் பாவாடையான கில்ட்தான் அணிய வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

தெருவின் பரிகாசத்தை மாமா கையாண்ட விதம் அழகானது. அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. கீழ்வீட்டுக்காரர், "என்னப்பா, மேட்சிங் ப்ளவுஸ் தச்சாச்சா?" என்று கேட்டால், "அளவு எடுக்கத்தான் உங்க வீட்டுக்கு வந்துட்டிருக்கேன் சார்" என்பார். அப்பா மட்டும் சற்றுக் கடுமையாகவே எதிர்த்தார். அவரிடம் மாமா, "அத்தான், நீங்க வேட்டி கட்டினா ஆம்பள. அதே துணிய நாலு மடிப்பு வச்சுத் தச்சா பொம்பளையா?" என்று கேட்டார். அப்பா தம் வேட்டியை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுச் செய்தித்தாளுக்குத் திரும்பினார்.

பாவாடை விஷயத்தில் அந்த வீட்டில் நானே நிபுணர். உட்காரும்போது பின்புறத் துணியைக் கையால் ஒதுக்கிக்கொள்ள வேண்டும், படியேறும்போது முழங்கால்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் ஒரு துண்டைக் கட்டவைத்து மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் பணிவாகக் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பைக்கின் பின்னிருக்கை என்னுடையது. மைதானத்தின் ஓரத்தில் அவருடைய தண்ணீர் பாட்டிலைக் காவல் காப்பதும் என் வேலை.

பிறகு டிரம் அக்கா வந்து சேர்ந்தாள். கோலார் தங்கவயலிலிருந்து வந்து ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலைபார்த்தவள். இடுப்போரம் தொங்கவிட்டு அடிக்கும் பக்க டிரம் வாசிப்பாள். அவளும் கில்ட் அணியப்போகிறாள் என்பதை யாரும் ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் மாமாவிடம் கில்டைப் பற்றி எதையாவது கேட்டார்கள். அவள் எதுவும் கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அவளிடம் அவராகவே போய்ப் போய்ப் பேசினார். மூன்றாவது வாரம் தண்ணீர் பாட்டில் அவள் கையில் இருந்தது.

ஒரு ஞாயிறு, என்னை மைதானத்தில் இறக்கிவிட்டு, அவளை அழைத்துவரச் சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் போனார் மாமா. போனவர் முக்கால் மணி நேரம் வரவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில்தான் சுபேதார் மாதிரிக்காக ஒரு கில்டைக் கொண்டுவந்து, என் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, அணிய வேண்டிய முறையை எல்லோருக்கும் காட்டினார். தட்டையான பகுதி முன்னால், மடிப்புகள் அத்தனையும் பின்னால். நடக்கும்போது மடிப்பு பின்னால் அசைய வேண்டும் என்று சொல்லி என்னை நான்கடி நடக்கவும் வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அதை நான் காட்ட நினைத்த ஒருவர் மட்டும் அங்கே இல்லை.

அரங்கேற்றம் குடியரசு தினத்தன்று, வைட்ஃபீல்டில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வளாகம் ஒன்றின் கொடியேற்றத்தில். தையற்காரர் முந்தைய நாள் மாலைதான் கில்டுகளைக் கொடுத்தார். விடியற்காலையில் மாமாவுக்கு உடுத்திவிட அம்மா முன்வந்தாள். புடவைக் கொசுவத்தில் அம்மாவின் கை அந்தத் தெருவிலேயே பேர்பெற்றது. மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவி முன்னால் கொண்டுவந்தாள்.

"பின்னாடி வரணும்னு நெனக்கிறேன்க்கா" என்றார் மாமா தயங்கி.

"எந்த ஊர்லடா கொசுவம் பின்னாடி வரும்? சும்மா நில்லு. பாக்கறவங்க கண்ணு மொதல்ல இதுலதான் விழும்."

"இன்னிக்கு ஒழுங்கா இருக்கணும்க்கா. அவங்க அப்பா அம்மா வராங்க."

அம்மாவின் கை நின்றது. "யாரோட அப்பா அம்மா?" என்று கேட்டாள். கேட்டபோதே சிரித்தாள். மாமாவும் சிரித்தார். பெற்றோர் வந்து பார்ப்பது எதற்காக என்று எட்டு வயதுக்கு நன்றாகவே தெரியும்.

மாமா என் பக்கம் திரும்பினார். "உம்மேலதானே சுத்திக் காட்டினாராம் சுபேதார்? நீ சொல்லு. மடிப்பு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி" என்றேன்.

அவர் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. நிபுணரின் வாக்கு அல்லவா?

பின்னிருக்கையில் நான் உட்கார்ந்துகொள்ள, பைக்கில் புறப்பட்டோம். அம்மாவும் அப்பாவும் பேருந்தில் பின்னால் வருவதாக ஏற்பாடு. பழைய மெட்ராஸ் சாலை சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் தலையை நீட்டிக் கன்னடத்தில், "ஏன் குரு, மனேலி பேன்ட் ஒணகில்வா?" என்றார். வீட்டில் பேன்ட் காயவில்லையா என்று அக்கறையாகத்தான் கேட்டார். "ஒணகிதே குரு, ஹாக்கோளோக்கே மனசில்ல" என்றார் மாமா. காய்ந்துவிட்டது, போட்டுக்கொள்ளத்தான் மனசில்லை என்று அவர் சொன்னதும், ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே முதலில் போகும்படி வழிவிட்டார். அந்தப் பதிலில் எனக்குப் பெருமை பொங்கியது. அடுத்த கணமே, இந்தப் பதிலை அவர் இன்று அவளிடம் சொல்லிக்காட்டுவார் என்று தோன்றியது. உண்மையைச் சொல்ல அவ்வளவு நீளமான சாலை இருந்தும் நான் வாய் திறக்கவில்லை.

வளாகத்தின் வாசலில் குழு வரிசையாக நின்றிருந்தது. பதினோரு பேருக்கு முன்புறம் தட்டையாக இருந்தது. மாமா பைக்கிலிருந்து இறங்கியபோது காற்றடித்து, பின்புறம் வந்துவிட்ட துணியின் திறப்பு மடல்போல் எழுந்தது. அம்மாவின் வற்புறுத்தலால் உள்ளே அணிந்திருந்த கறுப்பு அரைக்கால்சட்டை ஊருக்கெல்லாம் தெரிந்தது. காவலாளிகூடச் சிரித்தார். கொடிக்கம்பத்தருகே தங்கவயலிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் வானத்தைப் பார்த்தார்; பக்கத்திலிருந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"தம்பி, வீட்ல கண்ணாடி இல்லியா?" என்று சுபேதார் உறுமினார். "இப்படிப் போடச் சொல்லி எவன் சொன்னது?"

மாமா ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தார். "நான்தான் சார். பொடவ ஞாபகத்துல கட்டிட்டேன்."

அன்றுவரை யாருக்கும் பதில் சொல்லத் தயங்காதவர், அதைச் சொல்லும்போது காதுவரை சிவந்திருந்தார். டிரம் அக்கா சிரிக்கவில்லை. குழுவின் துணிப் பதாகையை அவிழ்த்து, ஒரு முனையை இன்னொருவரிடம் கொடுத்து, ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் திரையாகப் பிடித்தாள். முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு, "மெதுவா மாத்துங்க. கொடியேத்த வரவரு இன்னும் குளிக்கவே போகலையாம்" என்றாள். திரைக்குப் பின்னாலிருந்து மாமாவின் சிரிப்பு கேட்டது. அவள் அப்பாவும் சிரித்துவிட்டார்.

அன்று அவர்கள் நன்றாகவே வாசித்தார்கள். மாமாவின் மடிப்புகள் பின்னால் அசைந்தன. நான் பார்க்காமலிருக்க முயன்றேன்.

வாசித்து முடித்ததும் டிரம் அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்புறத் துணியைச் சரியாக ஒதுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். அதிலும் எனக்குக் கோபம். தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எங்க அக்கா நிச்சயதார்த்தத்தன்னிக்கு அவளோட புதுச் செருப்புல ஒண்ணத் தண்ணித்தொட்டிக்குள்ள போட்டுட்டேன். ஒத்தச் செருப்போட நின்னு அழுதா. அப்ப எனக்கு உன் வயசு. இன்னிவரைக்கும் யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லாத, என்ன?" என் தோளை லேசாகத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

இப்படியும் ஒரு முட்டாள் இருப்பாளா என்று வியந்தேன். தன்னைக் கவிழ்க்கும் ஆயுதத்தைத் தானே கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாளே! ஓடினேன். மாமா படிக்கட்டில் உட்கார்ந்து பிசிபேளாபாத் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த டிரம் அக்கா ரொம்ப மோசம். அவங்க அக்கா நிச்சயதார்த்தத்துல செருப்பத் தூக்கித் தண்ணித்தொட்டியில போட்டாங்களாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வேற சொன்னாங்க."

மாமாவின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. "இத எதுக்கு உங்கிட்ட சொன்னாங்க?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "அவங்க கெட்டவங்க, அதான்" என்றேன் உறுதியாக.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு, கூட்டத்துக்கு அப்பால் டிரம்மின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். தட்டை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தார். நான் காட்டிக்கொடுத்தது அவளையல்ல, என்னைத்தான் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள்மேல் அவருக்குக் கோபம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.