ஏரியில் படகு விட அரசு முன்வருமா?

போன வாரம் ஒருநாள், காலை பத்து மணி வாக்கில் தாம்பரத்தில் பீச் போகும் மின்சார ரயில் ஏறினேன். ஜன்னலோரம் கிடைத்தது. நம்புங்கள், நிஜமாகவே கிடைத்தது!

பக்கத்தில் ஒரு பெரியவர். மடியில் ஆபீஸ் பை, கையில் செல்போன். இயர்போன் என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சட்டமன்றக் கேள்வி நேரம் லைவ் ஓடிக்கொண்டிருந்தது.

ஓர் உறுப்பினர் எழுந்தார். பேரவைத் தலைவருக்கு வணக்கம் சொன்னார். தன் கட்சித் தலைவருக்கு நன்றி சொன்னார். தொகுதி மக்களுக்கு நன்றி, அமைச்சருக்கு நன்றி, போன முறை பேச வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி... வண்டி சானடோரியம் தாண்டிக் குரோம்பேட்டைக்கே வந்துவிட்டது. கேள்வி மட்டும் வரவில்லை.

எதிர் சீட்டில் பூ கட்டிக்கொண்டு வந்த அக்காவால் பொறுக்க முடியவில்லை. "இன்னா சார், இவரு கேள்வி கேக்க வந்தாரா, கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கு நன்றி சொல்ல வந்தாரா?"

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பல்லாவரம் வருவதற்குள் மனசு எங்கள் வீட்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. நாலைந்து வருஷத்துக்கு முந்தைய வீடு. தெருவே வந்து உட்கார்ந்திருந்த வீடு.

எங்கள் ஊர் மாடம்பாக்கம் தாண்டி உள்ளே, ஒரு பெரிய ஏரியின் மறுகரையில் இருக்கிறது. அரசுப் பள்ளி உண்டு – அப்போது பத்தாவது வரைதான். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் ஏரியைச் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வரவேண்டும். அங்கிருந்து இரண்டு பஸ். நான் அப்படித்தான் போனேன். படிக்கட்டில் தொங்கியே ப்ளஸ் டூ முடித்துக் காலேஜிலும் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான்.

பெண் பிள்ளைகள் கதை வேறு. பத்தாவது ரிசல்ட் வந்த கொஞ்ச நாளில் எக்ஸ்போர்ட் கம்பெனி வேன் தெருவுக்குள் வரும். நேற்றுவரை ரெட்டைப் பின்னலோடு பள்ளிக்குப் போனவர்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு அதில் ஏறிப் போவார்கள்.

அந்த வருஷம் என் தங்கை கல்பனா பத்தாவது.

அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கண்டிப்பானவர் என்று சொல்ல முடியாது. பயந்தவர். ஏரிக்கரையில் அப்போது தெருவிளக்கு கிடையாது. அவர் தீர்ப்பு இதுதான்: "நம்ம ஸ்கூல்லயே ப்ளஸ் டூ வந்தா படிக்கட்டும். இல்லாங்காட்டி வாணாம். ரெண்டு பஸ்ஸு மாறிகினு, இருட்ல ஏரிக்கரைல தனியா வந்துகினு... நான் வண்டி ஓட்றதா, அவள நெனச்சிகினே கீறதா?"

ஆக, கல்பனா மேலே படிப்பதும் வேனில் ஏறுவதும் அரசாங்கத்தின் கையில் போய் நின்றது.

நானும் ஸ்டீபனும் கிளம்பினோம். ஸ்டீபன் என் காலேஜ் தோழன். அவன் அம்மா டீச்சர் என்பதால் மனு எழுதுவதில் கில்லாடி. 'பணிவுடன் வேண்டிக்கொள்வது என்னவென்றால்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதினோம். எங்கள் எம்.எல்.ஏ. ஆபீஸில் இருந்த உதவியாளர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதல் வரியைப் படித்தார். அதோடு சரி.

"இதே மாதிரி மனு பீரோ நெறைய கீது தம்பி. சபை கூடப் போவுது. இத்த மடிச்சி வெச்சிட்டு கேள்வியா எழுதிக் குடுங்க. அண்ணன் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவாரு."

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"மனுன்னா அவங்க படிச்சாலும் படிக்கலாம், படிக்காமயும் போலாம். கேள்வி எடுத்துக்கிட்டாங்கன்னா, ஒரு மந்திரி எழுந்து நின்னு பதில் சொல்லியாவணும்பா!"

இதை எனக்கு எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. யோசித்துப் பாருங்கள்... ரேஷன் கார்டுக்கு மனு, பட்டாவுக்கு மனு, குடிதண்ணீருக்கு மனு என்று எங்கள் குடும்பம் தலைமுறையாகக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கேள்வி? ஒன்றுகூடக் கேட்டதில்லை.

சந்தோஷத்தில் பள்ளிக்கூடம், ரோடு, ஏரிக்கரை விளக்கு எல்லாவற்றையும் சேர்த்து எழுதினோம். "இன்னாப்பா இது, மளிகை லிஸ்ட்டா?" என்று திருப்பிக் கொடுத்தார். கடைசியில் மூன்றே வரி நின்றது. எங்கள் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த அரசு முன்வருமா? ஆம் எனில், எப்போது? இல்லையெனில், காரணம் என்ன?

"இதுக்கு அதிகாரிங்க பதில் எழுதிக் குடுத்துடுவாங்க. மந்திரி பார்த்துப் படிப்பாரு" என்றார் உதவியாளர். "அப்பறம் அண்ணன் ஒரு துணைக் கேள்வி கேக்கலாம். அதான் மேட்டரு. அது இன்னான்னு அவங்களுக்கு முன்கூட்டியே தெரியாதுல்ல?"

துணைக் கேள்வியைக் கண்டுபிடித்தவன் ஸ்டீபன். ஏரிக்கு அந்தக் கரையில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. நான் இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்தது அங்கேதான். மேப்பில் ஸ்கேல் வைத்தால் ரொம்பக் கிட்டே. "மச்சான், பக்கத்துலயே ஸ்கூல் இருக்குன்னு சொல்லப் போறாங்க பாரு. நடுவுல தண்ணி இருக்கறத மேப் சொல்லாதுடா!"

எம்.எல்.ஏ.விடம் இதைச் சொன்னோம். நல்ல மனிதர், முதல் தடவை ஜெயித்தவர். "சூப்பர்பா! நான் பாத்துக்கறேன்" என்று ஸ்டீபன் தோளில் தட்டினார்.

கேள்வி வரும் நாளும் வந்தது. எங்கள் வீட்டில்தான் பெரிய டி.வி. கிரிக்கெட் ஃபைனல் மாதிரி கூட்டம். கட்டில் மேலே நாலு பேர், ஜன்னலுக்கு வெளியே ஆறு பேர். அப்பா காலைச் சவாரிக்குப் போகவில்லை. செம்பாக்கம் பக்கம் மீன் விற்கப் போன அம்மா பாதியிலேயே திரும்பி, கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கல்பனா ஸ்டடி லீவில் இருந்தாள். கையில் கணக்குப் புத்தகம், கண் டி.வி.யில்.

அமைச்சர் எழுந்தார். குறிப்பிட்ட தூரத்துக்குள் ஏற்கெனவே ஒரு மேல்நிலைப் பள்ளி இயங்கிவருவதால் தேவை எழவில்லை என்றார். மற்ற இரண்டு வினாக்களும் எழவில்லை என்று சொல்லி உட்கார்ந்தார்.

"இன்னாடா, கேள்வியே எழலங்கறாரு? நாமெல்லாம் எழுந்து ரெண்டு மாசம் ஆவுதே!" என்றார் அப்பா.

"இருங்கப்பா. இப்பதான் மேட்டரு" என்றான் ஸ்டீபன்.

எங்கள் எம்.எல்.ஏ. எழுந்தார். தெரு கை தட்டியது. அவர் நன்றி சொல்ல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே இருந்தார். பேரவைத் தலைவர், "கேள்விக்கு வாங்க" என்றார். எம்.எல்.ஏ.வுக்கு வேர்த்துவிட்டது. கையில் வைத்திருந்த குறிப்பைப் பார்த்தார். சபையை ஒரு கலக்குக் கலக்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"மாண்புமிகு அமைச்சர் சொல்கிற தூரத்துக்கு நடுவிலே ஏரி இருக்கிறது. அப்படியானால், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஏரியில் படகு விட அரசு முன்வருமா?"

சபையில் சிரிப்பு. எங்கள் வீட்டிலும் சிரிப்பு. ஸ்டீபன் விசிலே அடித்துவிட்டான். மாட்டினார் அமைச்சர்!

அமைச்சர் மாட்டவில்லை. நிதானமாக எழுந்தார். "படகுப் போக்குவரத்து என்பது என் துறை சார்ந்தது அல்ல. எனினும், அந்த ஏரியில் படகு விடும் சாத்தியக்கூறு குறித்துத் தொடர்புடைய துறையின் மூலம் ஆய்வு செய்யப்படும்."

"அடுத்த கேள்வி" என்றார் பேரவைத் தலைவர்.

அவ்வளவுதான். அடுத்த கேள்வி வேறு ஏதோ ஓர் ஊரின் பாலத்தைப் பற்றி.

முதலில் பேசியது அம்மா. கோவளத்துக் கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவர். "படகா? அதுக்கு எதுக்கு கவர்மெண்ட்டு? எங்கண்ணன் கிட்ட சொன்னா நாளைக்கே ரெண்டு அனுப்பிருவானே!" தெரு சிரித்துக்கொண்டே கலைந்தது. மதியம் எம்.எல்.ஏ. போன் செய்தார். "தம்பி, நான் கிண்டலாத்தான்பா கேட்டேன். அவர் சீரியஸா பதில் சொல்லிட்டாரு..." குரலே உடைந்திருந்தது. அவர்மேல் கோபப்பட முடியவில்லை.

சிரிக்காதவள் கல்பனா ஒருத்திதான். சாயங்காலம் வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சவாரி முடித்து வந்து டீ டம்ளரைக் கையில் எடுத்ததும், எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஸ்கூல் வரலப்பா. இப்ப நான் என்ன பண்றது?"

"பாக்கலாம்மா."

"எப்போ பாக்கலாம்?"

"ரிசல்ட்டு வரட்டும்."

"ரிசல்ட்டு வந்தா படிக்க வைப்பியா?"

"உங்கம்மா கிட்ட ஒரு வார்த்த பேசிட்டு..."

"அம்மா இங்கதான் உக்காந்துகீது. பேசு."

அம்மா சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. "என்னை இன்னாத்துக்குப் பாக்கற? அவ உன்னத்தான் கேக்கறா."

அப்பா டீயைக் கீழே வைத்தார். "ரெண்டு பஸ்ஸும்மா..."

"அண்ணன் போகலியா?"

"அவன் ஆம்பளப் பையன். ஏரிக்கரைல வெளக்கு இல்ல, ஆளு இல்ல..."

"அப்போ பஸ்ஸு பிரச்னை இல்ல. ஏரிக்கரைதான் பிரச்னை. சரியா?"

"...ஆமா."

"தெனம் காலைல நீ ஆட்டோவ காலியாத்தான ஏரியச் சுத்தி மெயின் ரோட்டுக்கு ஓட்டிகினு போற?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் டி.வி. ரிமோட்டைப் பார்த்தேன். இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை? ஸ்டீபனுக்கு ஏன் தோன்றவில்லை? நாங்கள் மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சாயங்காலம்?" என்றார் அப்பா, மெதுவாக.

"பஸ் ஸ்டாப் டீக்கடையில நிக்கறேன். நீ எப்பவும் அங்கதான டீ குடிப்ப? ரெண்டு பேரும் ஒண்ணா வந்துடலாம்."

அப்பாவின் கையில் அதிகாரிகள் எழுதிக் கொடுத்த தாள் எதுவும் இல்லை. அடுத்த கேள்விக்குப் போகச் சொல்லவும் அங்கே யாரும் இல்லை. அம்மா மீன் கழுவிய தண்ணீரை ஊற்ற எழுந்து போனார். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். மூன்று பேரும் அப்பாவின் வாயைப் பார்த்தோம்.

"காலைல வண்டி சீக்கிரம் கெளம்பும்" என்றார் அப்பா. "தூங்கிகினு இருந்தா வுட்டுட்டுப் போயிருவேன், ஆமா."

கல்பனா கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நன்றிகூடச் சொல்லவில்லை!

ஜூன் மாதம் அப்பாவின் ஆட்டோ காலியாகக் கிளம்பவில்லை. கல்பனாவைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண், அவளைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டுப் பெண் என்று வண்டி நிறைந்துவிட்டது. வேனில் ஏற வேண்டியவர்கள். ஸ்டாண்டில் கேலி தாங்கவில்லை. "இன்னா மச்சான், கவர்மெண்ட்டு வுடாத படக நீ வுட்டுட்ட போல?" அன்றிலிருந்து தாம்பரத்தில் அந்த வண்டிக்குப் பெயரே படகுதான். மழைக்காலத்தில் உண்மையிலேயே படகாகத்தான் வந்தது.

ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். அமைச்சர் சபையில் 'ஆய்வு செய்யப்படும்' என்று சொல்லிவிட்டால் அது காற்றோடு போவதில்லை. சொன்னதைச் செய்தார்களா என்று பார்க்கச் சபையில் ஒரு குழுவே இருக்கிறது. அதனால் சில மாதம் கழித்து ஓர் அதிகாரி, படகு விட முடியுமா என்று பார்க்க எங்கள் ஏரிக்கு வந்து சேர்ந்தார். ஊரே அவரைச் சூழ்ந்துகொண்டது. "படகு வாணாம் சார். எங்ககூட அந்தக் கரை ஸ்கூல் வரைக்கும் வாங்க போதும்" என்று வெயிலில் ஏரியைச் சுற்றி நடத்தியே கூட்டிப் போனார்கள். பாவம், நல்ல மனிதர். போய்ச் சேர்ந்ததும் அந்தப் பள்ளி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் எழுதிய அறிக்கையை எங்கள் எம்.எல்.ஏ. விடவில்லை. அதையே பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த கூட்டத் தொடரில் எழுந்தார். நன்றியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு.

எங்கள் பள்ளிக்கு ப்ளஸ் டூ வந்தது. கல்பனா ப்ளஸ் டூ முடித்த வருஷத்தில்!

இப்போது அங்கே பெண் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். அப்பாவின் வண்டி காலையில் மறுபடியும் காலியாகத்தான் கிளம்புகிறது. ஏரிக்கரை திருப்பத்தில் அவர் இன்னும் வேகத்தைக் குறைக்கிறார். பின்னால் நாலைந்து புத்தகப் பை இருக்கிற நினைப்பு போலிருக்கிறது. அந்த டி.வி. பழுதாகிவிட்டது. சரி செய்ய யாருக்கும் அவசரமில்லை, ஆளுக்கொரு போன். ஒரு கேள்வியைக் கேட்கத் தெருவே ஒரு கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்த காலை இனி வராது.

சட்டமன்றத்தில் கேள்வி நேரம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அன்று ஆரம்பித்தது இன்னும் முடியவில்லை. கல்பனா இப்போது பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷம். நேற்று சாயங்காலம் அப்பா டீ டம்ளரைக் கையில் எடுத்தார். எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எம்.எஸ்ஸி.க்கு வெளியூர் போகக் கூடாதுன்னியாமே. ஏம்ப்பா?"