கோமணமும் பிரெஞ்சுத் தத்துவமும்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் என் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தபோது எங்களுக்குத் தேவைப்பட்டவர் ஒரு நல்ல வக்கீல். கிடைத்தவர் அண்ணியின் தம்பி. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்துவிட்டு, எழுபதுகளின் கடைசியில் எங்கள் கம்பெனி லைன் வீட்டில் வந்து இறங்கியிருந்தார். பெட்டியில் இரண்டு சட்டை, மற்றதெல்லாம் புத்தகம்.

நடந்தது இதுதான். ஷிப்ட் முடிந்து கேஜ் லிப்டில் மேலே வருகிறவர்களை, தங்கம் ஒளித்து எடுத்துவருகிறார்களா என்று வாசலில் தடவிப் பார்ப்பார்கள். அது பழகிப்போன விஷயம். அன்று புதிதாக வந்த காவலாளி கோமணத்தையும் அவிழ்க்கச் சொன்னான். அண்ணன் முடியாது என்றுவிட்டான். அதற்கு வேலை போகும். வேலை போனால் கம்பெனி வீடும் போகும். எல்லோரும் சேர்ந்து சுரங்கத்துக்குள் இறங்க மறுத்தால்தான் அவனைக் காப்பாற்ற முடியும். அதை முடிவு செய்ய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புத்த விகாரத்து ஹாலில் தொழிற்சங்கத் தலைவர் கூட்டம் போட்டார்.

"நான் பேசறேன் மாமா" என்றார் அண்ணியின் தம்பி. மச்சானாயிற்றே, அண்ணனால் தட்டமுடியவில்லை.

அதிகாரம் தில்லியிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருக்கவில்லை, நம் உடம்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று மேடையேறி ஆரம்பித்தார். பாரிஸில் இப்போது அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். எந்நேரமும் கண்காணிக்கப்படுகிறவன் கடைசியில் தன்னைத் தானே கண்காணிக்கத் தொடங்கிவிடுவானாம். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதி நன்றாகத்தான் இருந்தது. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருந்த ஆண்களுக்கோ கண் சொக்கியது. முன்வரிசையிலிருந்த ஒருவர், "இன்னாபா, தம்பி நம்ம கேஸுக்கு எப்ப வருவாரு?" என்று உரக்கவே கேட்டார்.

தலைவர் குறுக்கே புகுந்தார். "சரி, நாளைக்கு இறங்கமாட்டோம்னு சொல்றவங்க எயுந்து கையத் தூக்குங்க."

எல்லோரும் தூக்கினார்கள். இரண்டு கையையும். காலை அகட்டி, விரலை விரித்து, வாசலில் சோதனைக்குத் தினமும் நிற்பது போலவே நின்றார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா! இதத்தான் சொன்னேன்!" என்று மேஜையைத் தட்டினார் அண்ணியின் தம்பி. இறங்கிவந்து ஒவ்வொருவர் கையாகத் தொட்டுக் காட்டி விளக்கவும் தொடங்கினார். தத்துவம் கண்ணெதிரே பலித்துவிட்ட பூரிப்பு அவருக்கு. அண்ணன் எந்த மூலையில் நிற்கிறான் என்றுகூட அவர் பார்க்கவில்லை. ஆண்கள் கையை இறக்கிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியேறினார்கள். "இருங்கப்பா, தீர்மானம் போடணும்!" என்று தலைவர் கத்தினார். மறுநாள் காலை எல்லோரும் வழக்கம்போல வேலைக்கு இறங்கினார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. மேஜையைத் தட்டிய அந்தக் கையைத்தான் ஒடிக்கவேண்டும் போலிருந்தது.

வீட்டைக் காலி செய்த அன்று பேத்தமங்களாவுக்குப் போக மாட்டுவண்டி வந்து நின்றது. அண்ணன் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கியிருந்தான். மறுபக்கம் நின்ற மச்சான் கேட்டார்: "மாமா, அவன் அவுக்கச் சொன்னப்ப உங்க மனசுல இன்னா ஓடிச்சு? ஒரு கட்டுரைக்கு வேணும்."

"முடிச்ச அவுத்துட்டேன் மச்சான்" என்றான் அண்ணன். "பின்னால நின்ன நம்ம ஆளுங்க அத்தினி பேரும் மூஞ்சியத் திருப்பிக்கினாங்க. என்னைப் பாக்கக்கூடாதுன்னு. அதப் பாத்துட்டுத்தான் திரும்பக் கட்டிக்கினேன்."

அவர் பையில் பேனாவைத் தேடினார். கட்டிலின் மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.