பௌர்ணமி டியூட்டி லிஸ்ட்

எங்கள் ஆஸ்பத்திரியில் பௌர்ணமி என்றாலே சண்டைதான். கிரிவலக் கூட்டத்தில் மயங்கியவர்கள், காலில் கொப்புளம் போட்டவர்கள் என்று வார்டு நிரம்பும். அன்றைக்குப் பார்த்து நர்ஸுகள் நாங்கள் ஆறு பேருமே மலை சுற்ற லீவு கேட்போம். சீட்டுக் குலுக்கி இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். மற்றவர்கள் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நான் ஒரு மாதம்.

அந்த வருஷம் என் கோபத்தில் நியாயமும் இருந்தது. நாலு வயதாகியும் மகள் பேசவில்லை. விடாமல் ஒன்பது பௌர்ணமி சுற்றுவதாக வேண்டிக்கொண்டேன். கெஞ்சியும் கத்தியும் எட்டு முடிந்தது. ஒன்பதாவதற்குச் சீட்டு விழவில்லை.

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அப்போது பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆளையும் நேரத்தையும் பங்கிடுவது எப்படி என்று ஆன்லைன் கோர்ஸ் ஒன்று படித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதில், டிக்‌ஷனரியும் கையுமாக. டியூட்டி போடுவதற்கு ஒரு படிப்பா என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அவரிடமே அழுதுகொண்டு போய் நின்றேன்.

"உனக்கு வேண்டியது லீவாம்மா, மலை சுத்தற நேரமா?" என்றார். "இததான் முதல்ல கேக்கணும்னு பாடத்துல இருக்குது."

"ரெண்டும் ஒண்ணுதானே சிஸ்டர்?"

சுவரிலிருந்த தினசரி காலண்டரைக் காட்டினார். "பௌர்ணமி சாயந்திரம் ஆரம்பிச்சி மறுநாள் சாயந்திரம் வரைக்கும் இருக்குது. எல்லாரும் ஏன் ராத்திரியே ஓடறீங்க?"

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. ஊரே போகும்போது போனால்தான் கிரிவலம் என்று இருந்துவிட்டோம். அவர் அந்த நேரத்தை மூன்றாகப் பிரித்து, இரண்டிரண்டு பேராக அனுப்பினார். எனக்கு விடியற்காலை நாலு மணி. கூட்டம் கம்மி. அடி அண்ணாமலையில் டீ குடித்து, நிதானமாகச் சுற்றி முடித்து, எட்டரைக்கு வார்டில் நின்றேன். என்ன மூளை இந்த மனுஷிக்கு என்று பூரித்துப் போனேன்.

அப்போதுதான் லிஸ்ட்டை முழுசாகப் பார்த்தேன். மூன்று நேரத்துக்கும் வார்டில் அவர் பெயர்.

"நீங்க எப்ப சுத்துவீங்க சிஸ்டர்?"

"ஒரு ஆள மிச்சம் வெச்சுக்கணும்னும் பாடத்துல இருக்குதும்மா."

சிரித்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. மகள் பேச இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. ஆனால் அடுத்த பௌர்ணமிக்கு லிஸ்ட் ஒட்டியதுமே, நாலு மணிக்கு எதிரே இருந்த என் பெயரை அடித்து அவர் பெயரை எழுதினேன். லிஸ்ட்டில் கை வைக்க நீ யார் என்று திட்டினார். அன்றைக்கு விடியற்காலை நாலு மணிக்கும் திட்டிக்கொண்டே செருப்பை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.