கல்லாற்றில் துள்ளிய இன்வெர்ட்டர்

திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடத்தில் எங்கள் இன்வெர்ட்டரைப் போல ஒரு சாது கிடையாது. சோலார் தகடு தரும் மின்சாரத்தை மாற்றி, கம்பியில் ஏற்கெனவே ஓடும் மின்சாரத்தோடு தாளம் பிசகாமல் சேர்க்க வேண்டும். அதுதான் அதன் வேலை. ஒரு குறையும் வைக்கவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஜீப்பில் ஏற்றி, மலையடிவாரத்துக் கல்லாற்றுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு டீக்கடையில் மாட்டியதும் அதற்குச் சாமி வந்துவிட்டது.

வெயில் ஏறினால் துள்ளும், பிறகு தானே அணைந்துவிடும். நகரத்தில் கம்பி பலமானது. நாங்கள் எவ்வளவு மின்சாரம் தள்ளினாலும் அசையாது. கல்லாறோ நீண்ட லைனின் கடைக்கோடி. நாங்கள் தள்ளியதில் கம்பியே ஆடியது. இதெல்லாம் எனக்குத் தெரியும். என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் தலைவர் நாகர்கோவில்காரர், சுற்றி வளைத்துப் பேசமாட்டார். "அடுத்த தடவை நான் வரும்போதும் இது நின்னுபோச்சுன்னா கழட்டிரலாம். நீ சேல்ஸ் செக்‌ஷனுக்குப் போயிரு," என்றார். வீடு வீடாகப் போய் பேட்டரி விற்பதா? எனக்கு வாய் உண்டு. ஆனால் அது சண்டைக்குத்தான் உதவும். உண்மையிலேயே பயந்துபோனேன்.

என்னோடு வேலை செய்தவர் மலையாளி, மரியாதைக்காரர். நான் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை அக்கிரகாரத்துத் தமிழ்ப் பெண் என்பதால் என்னிடம் தமிழில் பேசுவார். நான் அவருக்காக மலையாளத்தில் பேசுவேன். எங்கள் ஊரில் இது சகஜம். அன்று டீக்கடையில் அளவுகளைச் சரிபார்க்கும்போது, அவர்தான் தமிழ் பேசுகிறாரே என்று நான் தமிழுக்கு மாறினேன். நான்தான் மலையாளம் பேசுகிறேனே என்று அதே நொடி அவர் மலையாளத்துக்குத் தாவினார். திரும்ப நான் தாவ, அவரும் தாவ, ஒரு அளவுகூட ஒழுங்காக எடுக்க முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க இப்படி உடனே உடனே மாறினா எப்படி? கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோ. அப்புறம் மாறிக்கலாம்," என்றேன்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். இன்வெர்ட்டரும் இதைத்தானே செய்கிறது? கம்பி லேசாக ஆடியதும் ஒத்துப்போகிறேன் என்று அதன் பின்னால் ஓடுகிறது, அந்த ஓட்டத்தில் கம்பி இன்னும் ஆடுகிறது, மறுபடி ஓடுகிறது. அந்த அவசரத்தை அதற்குக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான், பெருமையாக வேறு. பின்தொடரும் வேகத்தைக் குறைத்தோம்.

தலைவர் வந்த அன்று நல்ல வெயில். கம்பியை ஆட்டிப் பார்க்க, கடை ஃபிரிட்ஜின் பிளக்கை அவரே பிடுங்கினார், அவரே திரும்பச் சொருகினார். மீட்டர் முள் சற்றுத் தாழ்ந்து, நிதானமாக எழுந்து நின்றது. அவர் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"செரி, நீ இந்த வேலையிலேயே இரு," என்றார் கிளாஸை வைத்துவிட்டு. "சேல்ஸ்காரங்க பொழச்சாங்க."

கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது.