முயல் போன திசை

துடியலூரில் ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் கல்யாணப் படங்களைப் பிரிண்ட் போடுவது கிருபாவின் வேலை. 1994இல், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், சர்ச்சுக்குப் போகுமுன், முதலாளியின் கேமராவோடு காட்டு முயல்களைப் படமெடுக்கப் போவார்.

மழை பெய்த சோளக்காட்டில் தடங்கள் தெளிவாக இருந்தன. இரண்டு சிறியவை, இரண்டு பெரியவை. சிறியவை முன்னங்கால்கள், ஆகவே சிறிய தடம் இருக்கும் பக்கம்தான் முயல் போகிறது என்று நினைத்து, அங்கே போய்க் காத்திருந்தார். தொடர்ந்து மூன்று வாரம் வாலும் முதுகும்தான் படத்தில் விழுந்தன.

நிலத்துக்காரர் லட்சுமியம்மாள் சிரித்தார். "ஏனுங்க அம்மணி, எதுர்ப்பக்கமா உக்காருங்க. ஓடறப்ப பின்னங்கால்தானுங்க முன்னால உழுகும்."

"அதெப்படிங்க முடியும்?"

"அது தெரியாதுங்க. தடத்தைத்தான் பாத்திருக்கறேன்."

நான்காவது வாரம் கிருபா இடம் மாறி உட்கார்ந்தார். எதிரே வந்த முயல் அவரைக் கண்டதும் சட்டென்று பக்கவாட்டில் பாய்ந்தது. கேமராவைத் திருப்பி அழுத்தினார்.

இருட்டறையில் என்லார்ஜரை உயர்த்தி முயலைப் பெரிதாக்கினார். ஓரத்திலிருந்த கம்பிவேலியைக் கறுப்பு அட்டையால் மறைத்தார். வேறெதையும் தொடவில்லை. மருந்துத் தட்டில் படம் மெல்லத் தெரிந்தது. முதுகு வில்லாக வளைந்திருக்க, பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முகத்துக்கு நேரே நீண்டிருந்தன. "அட!" என்று தனியாகவே சொல்லிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருபா கொண்டுவந்த படத்தை லட்சுமியம்மாள் வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம நாய் ஓடறதும் இப்பிடித்தானுங்களா?"

கிருபாவுக்கும் தெரியவில்லை. கேமராவில் அன்று போட்டிருந்த ஃபிலிமில் இன்னும் நான்கு படம் மீதமிருந்தது. லட்சுமியம்மாள் நாயைக் கூப்பிட்டார்.