தம்பியின் புத்தூர்க்கட்டு

ஆவி, கீவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். புத்தூர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவன், அறுத்துப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. நம்பினால் நம்புங்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் துபாய்க்குப் போன காலம். என் தம்பி சேகர் அங்கே கடலுக்கடியில் குழாய்க்கு வெல்டிங் வைக்கிற வேலையில் இருந்தான். லீவில் வந்தவன் இடது தோள் வலிக்கிறது, தூங்க முடியவில்லை என்றான். வேலைக்குத் திரும்பச் சோம்பேறித்தனம் என்று திட்டி நான்தான் புத்தூர்க்கட்டுப் போட இழுத்துக்கொண்டு போனேன். எலும்பில் ஒன்றுமில்லை என்று கட்டுக்காரர் சொல்லியும் விடாமல், முட்டையும் பச்சிலையும் வைத்துக் கட்டவைத்தேன். அடுத்த வாரம் அவனுக்கு விமானம்.

அதற்குள் ஒருநாள் பழவேற்காட்டுப் பக்கம் டால்பின் ஒன்று கரை ஒதுங்கியிருப்பதாகப் போன் வந்து, டாக்டர் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். உயிர் இருந்தது. இடது துடுப்பைத் தொட்டால் மட்டும் உடம்பே துடித்தது. பதினோரு மணிக்கு உயிர் அடங்கிவிட்டது. உடனே அறுத்தோம், ரத்தக்குழாய்க்குள் பாசிமணி கோத்த மாதிரி காற்றுக்குமிழிகள். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் மனுஷனுக்கு இப்படி ஆகும், மூட்டெல்லாம் வலிக்கும், ஆனால் டால்பினுக்கு வராது என்றல்லவா படித்தேன் என்று டாக்டரே குழம்பினார். எனக்குச் சேகரின் இடது தோள்தான் ஞாபகம் வந்தது.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் சேகர் கட்டோடு தண்ணீர் சேந்திக்கொண்டிருக்கிறான்.

"பதினோரு மணிக்குப் படக்குன்னு வலி பூடுச்சுண்ணா."

கட்டை நான்தான் அவிழ்த்தேன். பச்சிலைக்கு அடியில், தோலை ஒட்டி, ஈரமான கடல்மணல். என் கையிலிருந்து விழுந்ததா என்றால், ஆஸ்பத்திரியில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

மறுபடி கடலுக்கடியில் இறங்கினால் என்னாகுமோ என்று பயந்துபோய் அவன் பாஸ்போர்ட்டை ஒளித்துவைத்தேன்.

"வலிச்சப்போ சோம்பேறின்னு தொரத்துன, வலி போனா புடிச்சி வச்சிக்கிற. என்னான்னுதான் நெனச்சிக்கினு கீற?" என்றான். அதோடு பேச்சு நின்றது.

இப்போது இங்கேயே இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைக்கிறான், தோளில் வலியில்லை. அவனைக் காப்பாற்றினேனா, பிழைப்பைக் கெடுத்தேனா, சத்தியமாகத் தெரியவில்லை. அந்தக் கட்டுத்துணி என் பெட்டியில்தான் இருக்கிறது. கத்திரி வெயிலில் எடுத்துப் பார்த்தாலும் ஈரமாக இருக்கிறது.