நடுப்பகுதியில் ஒரு சலாம்

கல்யாண ஊர்வலத்துக்கும் தேர்ப் பவனிக்கும் அடக்கத்துக்கும் ஒரே சீருடையில் சென்றுவந்தவர் ஸ்தனிஸ்லாஸ். சிவப்புச் சட்டை, தோளில் பொன்னிறக் குஞ்சம், வெள்ளைக் காற்சட்டை. திண்டுக்கல்லில் கிதர் முகம்மது நடத்திவந்த பேண்டு செட்டில் அவர் முதல் டிரம்பெட். பதினாறு வயதில் அந்தக் குழுவில் சேர்ந்தவர், முப்பத்தேழு வயது வரை வேறு வேலை எதையும் தேடியதில்லை.

அவருடைய மனைவி அறிவுச்செல்விதான் தேடினார். ஆடி பிறந்தால் கல்யாணம் இல்லை; தவக்காலம் வந்தாலும் இல்லை. அந்த மாதங்களில் யாராவது இறந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்னும் நிலை அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஒருவருடைய உடல்நலத்தை விசாரிப்பதற்கே கூச்சமாக இருக்கிறது என்பார். 1998ஆம் ஆண்டு, நகரத்துப் பள்ளி ஒன்றில் மாணவர் பேண்டுக் குழுவுக்குப் பயிற்றுநர் தேவை என்று அறிந்ததும், கணவரைச் சலவைச் சட்டையுடன் அங்கே அனுப்பிவைத்தார்.

பள்ளித் தாளாளர் ஸ்தனிஸ்லாஸின் வாசிப்பைப் பல பவனிகளில் கேட்டிருந்தார். ஆளைப் பிடித்திருந்தது. ஆனால், இசைத் தேர்வில் தேறிய சான்றிதழ் இல்லாதவரை நியமிக்க வழியில்லை என்றார். அடுத்த ஜூன் வரை இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகவும், அதற்குள் சான்றிதழ் வராவிட்டால் மதுரையிலிருந்து விண்ணப்பித்திருக்கும் வேறொருவரை எடுத்துக்கொள்ள நேரும் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

சென்னையிலுள்ள ஓர் இசைத் தேர்வு அமைப்பு அத்தகைய சான்றிதழை வழங்கிவந்தது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தேர்வு எழுதுபவர் பதிவுபெற்ற ஓர் ஆசிரியரிடம் மாணவராகப் பயில வேண்டும்; அந்த ஆசிரியர் நடத்தும் மாணவர் இசை நிகழ்ச்சியில், பியானோ துணையுடன், தேர்வாளர் முன்னிலையில் ஓர் இசைக்கோவையை முழுமையாக வாசித்துக் காட்ட வேண்டும்.

திண்டுக்கல்லில் அப்படிப் பதிவுபெற்றிருந்தவர் ஜீவிதா ஒருவரே. வயது இருபத்துமூன்று. ஆலயத்தை ஒட்டிய கூடத்தில், பழைய பியானோ ஒன்றை வைத்துக்கொண்டு மாலை வேளைகளில் வகுப்பு நடத்திவந்தார். அவருடைய மாணவர்களில் மூத்தவனுக்கு வயது பதினொன்று. அந்தக் குட்டைப் பெஞ்சில், முழங்கால்கள் நெஞ்சைத் தொட, மீசையுடன் ஸ்தனிஸ்லாஸ் சென்று அமர்ந்தார். முதல் வாரம், பிள்ளையை அழைத்துப்போக வந்த ஒரு தாய் அவரிடம் மரியாதையாக விசாரித்தார்.

"உங்க பிள்ளை எதுங்க?"

"நாந்தாங்க பிள்ளை" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த நாள்களில் சிறுவர்கள் அவரைக் காட்டிக்கொடுப்பார்கள். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து நிற்பார்.

இசைக்குறியீடுகளை ஒருவாறு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பின்னர், பியானோவும் டிரம்பெட்டும் சேர்ந்து வாசிக்கும் நாள் வந்தது. இருவரும் தாளில் இருந்த 'சி' என்னும் சுரத்தையே தொடங்கினார்கள். இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று பார்த்து முகம் சுளித்தன. டிரம்பெட்டில் 'சி' என்று எழுதியிருப்பது பியானோவில் 'பி ஃபிளாட்' என்பதை ஜீவிதா அப்போது விளக்கினார். பேண்டு செட்டில் டிரம்பெட், கிளாரிநெட், யூஃபோனியம் எல்லாம் ஒரே சுருதி இனம் என்பதால், அங்கே யாருக்கும் இந்த ஐயமே எழுந்ததில்லை.

"இதோட இருவது வருசமா குடும்பம் நடத்திட்டேன் டீச்சர். பேர மாத்திக் கூப்பிட்டிருக்கேன் போல" என்று அவர் வருந்தினார்.

அடுத்த தொல்லை அவருடைய கால்கள். நடந்துகொண்டே ஊதிப் பழகியவரை நிற்கவைத்தால் தாளம் தடுமாறியது. தாளம் சரியானால் கால்கள் புறப்பட்டுவிட்டன. இரண்டு முறை கூடத்தின் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். ஜீவிதா ஒரு கோரைப்பாயை விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நிற்கச் சொன்னார். பாயை விட்டு இறங்கக்கூடாது என்பது கட்டளை. வெறுங்காலில் பாயின்மேல் நின்றதும் ஜெபத்துக்கு நிற்கும் உணர்வு வந்து, கால்கள் அடங்கிவிட்டன.

கிதர் முகம்மதுவுக்குத் தம் முதல் டிரம்பெட்டை இழக்க மனமில்லை, ஆனாலும் தடுக்கவில்லை. கேலி செய்வதோடு நிறுத்திக்கொண்டார்.

"ஏலே ஸ்தனி, நாம ஊதுனா ரோட்டுல போறவனும் நின்னு ஆடுவான். அங்க காசு குடுத்து உக்காந்திருக்கவனே ஆட மாட்டானாம்ல?"

நிகழ்ச்சி 1999 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என்று முடிவாயிற்று. அறிவுச்செல்வி தம் தந்தையை அழைக்க ரெட்டியார்சத்திரம் பக்கமுள்ள தோட்டத்துக்குச் சென்றார்.

இங்கே அந்தத் தந்தை சூசைமுத்துவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கத்தரியும் செண்டுப்பூவும் பயிரிடும் விவசாயி. மாப்பிள்ளை இசைக் கலைஞர் என்று தரகர் சொன்னதை நம்பி, கழுத்தில் டை கட்டிய ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு பெண்ணைக் கொடுத்தவர். கல்யாணம் முடிந்த மறுமாதம் அவர்கள் ஊரிலேயே ஓர் அடக்கம். சவப்பெட்டிக்கு முன்னால், சிவப்புச் சட்டையும் குஞ்சமுமாக மாப்பிள்ளை ஊதிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளாக, ஸ்தனிஸ்லாஸ் வாசிக்கும் இடத்துக்குச் சூசைமுத்து போனதில்லை. திண்டுக்கல் கடைவீதியில் பேண்டுச் சத்தம் கேட்டால் அருகிலிருக்கும் கடைக்குள் நுழைந்து, வேண்டாத பூட்டு ஒன்றை விலை கேட்பார். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் சோறும் கோழிக்குழம்பும் குறைவில்லாமல் கிடைக்கும். தொழிலைப் பற்றி மட்டும் பேச்சு எழாது.

"பியானோ வச்சு வாசிக்கிறாகப்பா. சாவுக்கு இல்ல, பரீட்சைக்கு. நீங்க வந்தே ஆகணும்" என்றார் மகள்.

சூசைமுத்து யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினார். ஆனால், குறித்த நாளில் வெள்ளைச் சட்டை, கரைவேட்டி, தோளில் புதுத் துண்டு என்று முதல் ஆளாக வந்து, மூன்றாம் வரிசையில் மகளுக்கு அருகில் அமர்ந்துகொண்டார்.

என் பிள்ளை வாசிப்பதைக் கேட்க வந்த நானும் அந்த வரிசையில்தான் இருந்தேன். முன்வரிசையில் பள்ளித் தாளாளரும் சில அருட்கன்னியரும் அமர்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு மேசையில், சிறிய மணி ஒன்றுடன், சென்னைத் தேர்வாளர். இசை முடியும்வரை யாரும் எழக்கூடாது, கைதட்டக்கூடாது என்று அவர் தொடக்கத்தில் அறிவித்தார். அதை ஆங்கிலத்தில் அறிவித்ததால் கூடத்தில் பாதிப் பேருக்கு எட்டவில்லை. சூசைமுத்து அதை ஜெபம் என்று கருதி, முடிவில் 'ஆமென்' சொன்னார்.

சிறுவர்கள் ஒவ்வொருவராக வாசித்துச் சென்ற பின், ஸ்தனிஸ்லாஸ் மேடையேறினார். இரவல் டை கட்டியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயின்மேல் நின்றார். இசைக்கோவை மூன்று பகுதிகளைக் கொண்டது. விரைவான முதற்பகுதியில் ஓரிரு சுரங்கள் விளிம்பில் உரசிக்கொண்டு வெளிவந்தன. இரண்டாம் பகுதி மெதுவானது. பியானோ அடியில் மெல்ல நடக்க, டிரம்பெட் அதன்மேல் நீளமாகப் படர்ந்தது. உரசல் நின்றது.

சூசைமுத்து முதலில் தமக்குத் தெரிந்தவர்கள் யாரேனும் இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். பிறகு, தாளாளரும் கன்னியரும் தம் மாப்பிள்ளையை வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அதன் பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சட்டைப்பையிலிருந்து புது ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்தார். அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று எண்ணி மகள் வழிவிட்டார். அவரோ நேராக மேடைக்கு ஏறி, ஊதிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் சட்டைப்பையில் அந்தத் தாளைக் குத்தினார். குத்திவிட்டு ஓரடி பின்வாங்கி நின்றார்.

அவர் எதற்காக நின்றார் என்பது கூடத்தில் தேர்வாளரைத் தவிர அனைவருக்கும் தெரியும். பேண்டுக்காரருக்கு யாரேனும் சட்டையில் பணம் குத்தி மரியாதை செய்தால், அவர் வாசிப்பை நிறுத்தி, கொடுத்தவர் பக்கம் திரும்பி, ஒரு சலாம் வாசிக்க வேண்டும். கீழிருந்து படிப்படியாக ஏறி, உச்சியில் ஒரே சுரத்தை நீளமாக நிறுத்தி முடிக்கும் சிறிய இசை அது. மற்ற வாத்தியங்கள் அதுவரை காத்திருக்கும். சலாம் வாசிக்காமல் விட்டால், கொடுத்தவரைச் சபையில் அவமதித்ததாகும். அதன்பொருட்டுக் கல்யாணப் பந்தல்களில் சம்பந்திகள் அடித்துக்கொண்டதுண்டு.

வாசித்தால் தேர்வு போகும்; தேர்வோடு பள்ளி வேலையும் போகும். வாசிக்காவிட்டால், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த மாமனார், மேடையில் வெறுமனே நின்றுவிட்டு இறங்க வேண்டும். கடைசி வரிசையில் கிதர் முகம்மது எழுந்து நின்றுவிட்டார். அறிவுச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஸ்தனிஸ்லாஸ் கையிலிருந்த இசைத்தொடரை முடித்தார். ஜீவிதாவைப் பார்த்தார். அந்தப் பெண் திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவர். அடுத்த பக்கத்தைப் புரட்டாமல், பியானோவின் மிதியை அழுத்தி, ஒலித்துக்கொண்டிருந்த சுரக்கூட்டத்தை அப்படியே நீட்டிப் பிடித்தார். ஸ்தனிஸ்லாஸ் மாமனார் பக்கம் திரும்பி, கூரை அதிர, முழுச் சலாமை வாசித்தார். சிறுவர்கள் கைதட்டினார்கள். சூசைமுத்து கூடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, நிதானமாக இறங்கி வந்து அமர்ந்தார்.

தேர்வாளர் மணியை அடித்தார். எழுந்து மேடைக்கே வந்தார். இந்த இடம் தாளில் இல்லையே என்று ஜீவிதாவிடம் கேட்டார். இவ்வூர் வழக்கத்தை ஜீவிதா சுருக்கமாக எடுத்துரைத்தார். தேர்வாளர் பிறகு ஸ்தனிஸ்லாஸிடம் திரும்பினார்.

"பாதியில நிறுத்தினா மார்க் கிடையாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா நிறுத்தினீங்க?"

"அவரு எங்க மாமா சார்."

தேர்வாளர் மேசைக்குத் திரும்பினார். அவருக்கும் ஒரு மாமனார் இருந்திருக்கக்கூடும். விதிகள் அச்சிட்ட சிறுபுத்தகத்தைப் புரட்டினார். பார்வையாளரால் இடையூறு நேர்ந்தால் ஒரே ஒருமுறை முதலிலிருந்து மீண்டும் வாசிக்கலாம் என்று அதில் இருந்தது. ஆனால் ஓய்வு தரப்படாது. மூன்று பகுதிகளையும் அப்போதே வாசிக்க வேண்டும். மறுபடி நின்றால் தேர்வு முடிந்தது.

ஜீவிதா கவலையோடு தாழ்ந்த குரலில் கேட்டார்: "அண்ணே, உதடு தாங்குமா?"

"தேரு கிளம்புனதுல இருந்து நிலைக்கு வார வரைக்கும் ஊதுறவன் டீச்சர். இது நின்ன எடந்தான?"

அவர் இரண்டாம் முறை தொடங்கினார். சலாம் வாசித்ததில் மூச்சு திறந்துகொண்டது. முதற்பகுதியில் உரசிய சுரங்கள் இப்போது சுத்தமாக விழுந்தன. பியானோவும் சற்று மிடுக்காகவே நடந்தது. ஆபத்து மேடையில் இல்லை. மூன்றாம் வரிசையில் இருந்தது. நடுப்பகுதி வந்ததும் சூசைமுத்துவின் கை மீண்டும் சட்டைப்பைக்குப் போயிற்று. அறிவுச்செல்வி அவர் தோள்துண்டின் இரு முனைகளையும் சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டார்.

"யப்பா, உக்காருங்க. இன்னொரு தடவ குத்துனீகன்னா அவுகளுக்கு வேலை போயிரும்."

"ஏத்தா, பெரிய மனுசன் மேடைக்கே ஏறி வந்து ஒன்ஸ்மோர் கேட்டிருக்காரு. மாமனாங்காரன் சும்மா உக்காந்திருந்தா ஊரு என்ன பேசும்?"

"ஊரு பேசட்டும். நீங்க பேசாம இருங்க."

மேடையில் ஸ்தனிஸ்லாஸ் கண்களை இறுக மூடிக்கொண்டார். உணர்ச்சிப் பெருக்கு என்று கன்னியர் ஒருவர் அருகிலிருந்தவரிடம் கூறினார். யார் எழுகிறார் என்பது கண்ணில் பட்டுவிடக்கூடாது என்பதே காரணம் என்று ஸ்தனிஸ்லாஸே பின்னர் என்னிடம் சொன்னார். நடுப்பகுதி கடந்தது. மூன்றாம் பகுதி முழுவதையும் கண்ணைத் திறக்காமலேயே வாசித்து, கடைசிச் சுரத்தில் பியானோவோடு சேர்ந்து நின்றார். அதன் பிறகே மகள் துண்டை விட்டார். கூடத்தில் முதலில் கைதட்டியவர் சூசைமுத்து.

மே மாத இறுதியில் முடிவு வந்தது. தேர்ச்சி. தேர்வாளர் குறிப்பு இரண்டே வரிகள்: ஒலி உறுதியானது, வாசிக்கும்போது உறவினர்களை எட்ட அமர்த்துதல் நலம். ஜூனில் ஸ்தனிஸ்லாஸ் பள்ளியில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பவனிகளுக்கு மட்டும், தாளாளரின் அனுமதியோடு, கிதர் முகம்மதுவின் குழுவுக்கும் ஊதிவந்தார்.

அந்த மாலையில் நடந்தது தேர்வு என்பதை ரெட்டியார்சத்திரத்தில் இன்றுவரை யாரும் நம்புவதில்லை. 2005இல் நான் ஒருமுறை அப்பக்கம் சென்றிருந்தேன். கத்தரி மூட்டைகளை வண்டியில் ஏற்றியபடியே, சூசைமுத்து பக்கத்துத் தோட்டக்காரரிடம் விவரித்துக்கொண்டிருந்தார்.

"மெட்ராஸ் ஆபீசரு மணிய அடிச்சு எல்லாத்தையும் நிறுத்திட்டாரப்பா. மேடைக்கு ஏறி வந்து, மொதல்ல இருந்து இன்னொருக்கா வாசிங்கன்னு கேக்குறாரு. எங்க மாப்ள மாட்டேன்னா சொல்லுவாரு? அம்புட்டையும் திரும்ப வாசிச்சாரு."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதால், நான் திருத்தவில்லை.